கதவு மூடிய மாளிகை

வெள்ளை மாளிகைச் சன்னலில் இரும்புக் கம்பி! உள்ளே இருப்பவருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. அதனால்தான் கம்பி போட்டுக் காவல் வைத்திருக்கிறார்கள்!

1919ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் நகர மக்கள் இப்படிப் பேசிக்கொண்டனர். உள்ளே இருந்தவர் யார்? அமெரிக்கக் குடியரசின் தலைவர் உட்ரோ வில்சன். பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தை நடத்திய பேராசிரியர். உலகப் போர் ஓய்ந்ததும், பாரிஸ் நகரத்து வீதிகளில் மக்கள் வெள்ளம் வாழ்த்தொலி எழுப்பி வரவேற்ற மாண்பினர். குறையற்றவர் என்று கூறிவிட முடியாது. அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியரைத் தனியே பிரித்துவைக்க இடங்கொடுத்த கறை அவர் ஆட்சிக்கு உண்டு. எனினும், போரற்ற உலகம் வேண்டுமென்று கனவு கண்டவர். அந்தக் கனவின் கருவியாகச் சர்வதேசச் சங்கத்தைப் படைக்க அரும்பாடுபட்டவர்.

சன்னலில் கம்பி இருந்தது மெய். ஆனால் அது வில்சனுக்காகப் போடப்பட்டதன்று! அவருக்கு முன்னர் அம்மாளிகையில் வாழ்ந்த தியோடோர் ரூசவெல்ட்டின் பிள்ளைகள் ஆடிய பந்து, கண்ணாடியை உடைத்துவிடாதிருக்கப் போட்ட கம்பி அது.

பந்தைத் தடுக்கப் போட்ட கம்பி, பைத்தியத்தைத் தடுக்கப் போட்ட கம்பியாகிவிட்டது, மக்கள் பேச்சில். ஏன்? மக்கள் மூடர் என்பதாலா? வம்புப் பேச்சில் அவர்கட்கு இன்பம் என்பதாலா? இல்லை! மெய்யுரைக்க வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டனர். எனவே கம்பி பேசிற்று, கதவு பேசிற்று, காற்று பேசிற்று! களவை மறைக்க மறைக்க அலர் பெருகும் என்பதை அகப்பாடல் யாத்த நம் புலவர்கள் அறிந்திருந்தனர். காதலுக்கு மட்டுமா அந்த விதி? ஆட்சிக்கும் அதுவே விதி.

நடந்தது என்ன என்பதைப் பார்ப்போம்.

1919 சூன் 28இல் வெர்சேல்ஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சர்வதேசச் சங்கம் அதனுள்ளே அமைந்த உறுப்பு. ஆனால் அமெரிக்க அரசியல் சட்டப்படி, செனட் சபையில் மூன்றில் இரு பங்கினர் இசைவளித்தால்தான் எந்த உடன்படிக்கையும் செல்லும். அங்கே எதிர்த்து நின்றார் ஹென்றி காபட் லாட்ஜ். திருத்தங்களின்றி இசைவதற்கில்லை என்றார். வில்சன் பார்த்தார், சபை மறுத்தால், சபைக்கும் மேலான மக்களிடமே முறையிடுவேன் என்று கிளம்பினார்.

அவருக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. 1906ஆம் ஆண்டிலேயே ஒருநாள் காலை விழித்தெழுந்தபோது இடக்கண் பார்வை மங்கியிருந்த உடல் அது. பாரிசில் காய்ச்சல் கண்டு படுத்த உடல். போகாதீர் என்று தடுத்தார் மருத்துவர் கிரேசன். கேட்கவில்லை. செப்டம்பர் 3ஆம் நாள் தனி இரயில் புறப்பட்டது. இருபத்திரண்டு நாட்கள், ஏறத்தாழ 8,000 மைல், நாற்பது அளவுக்குச் சொற்பொழிவுகள். தாங்கொணாத் தலைவலியுடன் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். 25ஆம் நாள் கொலராடோ மாநிலத்துப் பியூப்லோ நகரில் பேசி முடித்த அன்றிரவு உடல் ஓய்ந்தது. பயணம் நின்றது. சன்னல் திரைகள் இறக்கப்பட்ட இரயில், வாஷிங்டன் நோக்கித் திரும்பிற்று.

அக்டோபர் 2ஆம் நாள் காலை இடி விழுந்தது. பக்கவாதம்! குளியலறைத் தரையில் உணர்விழந்து கிடந்தார் குடியரசுத் தலைவர். உடலின் இடப்புறம் முழுதும் செயலற்றுப் போயிற்று. மனைவி எடித் மருத்துவரை அழைக்க ஓடினார். மாளிகையின் பொதுத் தொலைபேசி வழியே பேசினால் இணைப்புத் தருவோர் காதில் விழுமே என்று, பணியாளர் தலைவரின் அறைக்குச் சென்ற தனி இணைப்பில் பேசினார். மறைத்தல் அந்தக் கணத்திலேயே தொடங்கிவிட்டது.

வெளியே வந்த மருத்துவ அறிக்கை என்ன கூறிற்று? நரம்புத் தளர்ச்சியாம்! ஓய்வு வேண்டுமாம்! பக்கவாதம் என்ற சொல் அதில் இல்லை.

அமைச்சர்களுக்கும் அதே பதில். வெளியுறவு அமைச்சர் லான்சிங், தலைவரின் செயலாளர் டமல்ட்டியிடம் சென்று, அரசியல் சட்டத்தை எடுத்துக் காட்டினார். தலைவர் கடமையாற்ற இயலாத நிலை எய்தினால் பொறுப்பு துணைத் தலைவரைச் சாரும் என்றிருக்கிறதே, என் செய்வது என்றார். டமல்ட்டி சினந்தார், நானும் சான்றுரையேன், கிரேசனும் சான்றுரையார் என்றார். சட்டத்தில் இயலாமை என்ற சொல் இருந்தது. இயலவில்லை என்று முடிவு செய்வது யார் என்பது மட்டும் இல்லை! 1881இல் கார்பீல்டு, துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இரண்டரைத் திங்கள் படுக்கையில் கிடந்து மாண்டபோதே இக்கேள்வி எழுந்தது. விடை காணாமலே விட்டுவைத்தனர்.

துணைத் தலைவர் மார்ஷல் நிலைமை இன்னும் பரிதாபம். நாட்டின் இரண்டாவது மனிதர் அவர். தலைவர் எந்த நேரத்திலும் இறக்கக்கூடும் என்ற செய்தியை அவரிடம் அரசு அறிவிக்கவில்லை. பத்திரிகையாளர் ஒருவரை அனுப்பிக் காதோடு காதாகச் சொல்ல வைத்தனர். மார்ஷல் நடுங்கினார். பதவி பறித்தவன் என்ற பழி வருமே என்று ஒதுங்கிக்கொண்டார். நவம்பர்த் திங்களில் அட்லாண்டா நகரில் அவர் பேசிக்கொண்டிருந்த போது, குடியரசுத் தலைவர் இறந்துவிட்டார் என்று தொலைபேசிச் செய்தி வந்தது. கூட்டம் கலங்கிற்று. பின்னர்தான் தெரிந்தது, யாரோ செய்த கொடிய விளையாட்டு என்று. துணைத் தலைவரே நம்புகிறார் வதந்தியை! உண்மை அறிந்த நாட்டில் எவனாவது இத்தகைய பொய்யைத் துணிந்து அவிழ்த்துவிட முடியுமா?

தலைவரின் அறைக்கு வழி ஒன்றே. அந்த வழியில் நின்றவர் எடித். எந்தத் தாள் உள்ளே போகலாம், எது போகலாகாது என்று அவர் முடிவு செய்தார். தாளின் ஓரத்தில் அவர் கையெழுத்தில் விடை வரும். சில தாள்களுக்கு விடையே வாராது. எந்த முடிவையும் நானாக எடுக்கவில்லை, எது முக்கியம் என்பதை மட்டுமே முடிவு செய்தேன் என்று பின்னாளில் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினார் அவர். எது முக்கியம் என்று முடிவு செய்வதுதானே, அய்யா, ஆட்சி!

பெண்ணாட்சி, பாவாடையாட்சி என்று எதிர்க்கட்சியினர் ஏளனம் பேசினர். அந்த ஏளனம் ஏற்கத் தக்கதன்று. பெண் ஆண்டதா பிழை? அதே அமெரிக்காவில் 1920 ஆகஸ்டில்தான் பெண்களுக்கு வாக்குரிமை அரசியல் சட்டத்தில் இடம்பெற்றது. பெண்ணுக்கு ஆளும் திறன் உண்டு, அதில் ஐயமில்லை. எவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஒருவர், எவருக்கும் தெரியாமல், எவருக்கும் விடை கூற வேண்டாத நிலையில் ஆண்டாரே, அதுதான் பிழை. அந்த இடத்தில் ஆண் இருந்திருந்தாலும் பிழை பிழையே.

ஐயம் முற்றிற்று. டிசம்பர் 5ஆம் நாள் செனட் உறுப்பினர் இருவர் மாளிகைக்குச் சென்றனர். மெக்சிகோ நாட்டுச் சிக்கல் பற்றிக் கலந்து பேச என்பது வெளிச்சொல். தலைவர் நிலையைக் கண்ணாற் கண்டுவர என்பது உட்கருத்து. மோப்பம் பிடிக்கும் குழு என்று நகரத்தார் நகைத்தனர். அங்கே நடந்தது ஒரு நாடகம்! மங்கிய ஒளி. செயலற்ற இடக்கை போர்வைக்குள். வலக்கை எட்டும் இடத்தில் தாள்கள். வந்தவரில் ஒருவரான ஆல்பர்ட் ஃபால் எதிர்க்கட்சிக்காரர். உமக்காக இறைவனை வேண்டிக்கொள்கிறோம் என்றாராம். எந்தப் பக்கமாக வேண்டுகிறீர் என்று கேட்டாராம் வில்சன். எடித் எழுதி வைத்த செய்தி இது. மறுநாள் ஏடுகள், தலைவர் அறிவு தெளிவாக உள்ளது என்று எழுதின. அறிவு மழுங்கவில்லை என்பது மெய்தான். ஆனால் நாடாளும் வலிவு இருந்ததா?

இந்த நாடகம் மாளிகைக்குள் நடந்த காலத்தில் மாளிகைக்கு வெளியே என்ன நடந்தது? எஃகுத் தொழிலாளர் வேலைநிறுத்தம். நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம். சட்டத் துறைத் தலைவர் பால்மரின் ஆட்கள், பொதுவுடைமையாளர் என்று ஐயுற்றோரை ஆயிரக்கணக்கில் பிடித்துச் சிறையிலடைத்தனர். கேட்பாரில்லை, தடுப்பாரில்லை. பிரிட்டன் அனுப்பிய சிறப்புத் தூதர் கிரே பிரபு, தலைவரைக் காணக் காத்திருந்து காத்திருந்து, காணாமலே கப்பலேறினார். தலைவர் இல்லாதபோது நாட்டின் அலுவல் நின்றுவிடலாகாதே என்று அமைச்சரவையைக் கூட்டி வந்த லான்சிங்குக்குக் கிடைத்த பரிசு என்ன? 1920 பிப்ரவரியில் பதவி விலகல்!

அந்த பிப்ரவரியில்தான் உண்மையும் கசிந்தது. மருத்துவருள் ஒருவரான ஹியூ யங், பால்டிமோர் ஏடொன்றுக்கு அளித்த பேட்டியில், தலைவரைத் தாக்கியது மூளையில் இரத்தம் உறைந்ததால் வந்த வாதம் என்பதைச் சொல்லிவிட்டார். ஏறத்தாழ நலமடைந்துவிட்டார் என்ற பூச்சும் உடன் இருந்தது. பாதி மெய், அதுவும் நான்கு திங்கள் கழித்து!

மார்ச்சு 19ஆம் நாள் செனட் சபையில் உடன்படிக்கை கடைசி முறையாக வாக்குக்கு வந்தது. திருத்தங்களுடன் ஏற்கலாம் என்று 49 பேர். கூடாதென்று 35 பேர். மூன்றில் இரு பங்குக்கு ஏழு வாக்குகள் குறைவு! திருத்தத்தோடு ஏற்காதீர் என்று தம் கட்சியினருக்குக் கட்டளையிட்டவர், நோயுற்றுப் படுத்திருந்த வில்சனேதான். நலமோடிருந்த வில்சன் விட்டுக்கொடுத்திருப்பாரா? அவர் இயல்பிலேயே வளையாதவர் என்பார் உண்டு. நோய்தான் பிடிவாதத்தை இறுக்கிவிட்டது என்று கூறும் வரலாற்றாசிரியரும் மருத்துவரும் உண்டு. எது எப்படியாயினும், சர்வதேசச் சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. உலகம் முழுதுக்குமான முடிவொன்று, திரையிட்ட அறையொன்றில் எடுக்கப்பட்டது. அந்த அறையில் இருந்தவரின் நிலை என்ன என்பது வாக்களித்த மக்களுக்குத் தெரியாது.

வில்சன் 1921 மார்ச்சு 4 வரை பதவியில் இருந்தார், 1924இல் மறைந்தார்.

மறைப்பதற்குக் கூறப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: மக்கள் அஞ்சுவர், நாடு குலையும்! 1893இல் குரோவர் கிளீவ்லாந்து, பொருளாதாரம் சரிந்த நேரத்தில், உல்லாசப் படகொன்றில் ஏறி, வாயில் வளர்ந்த புற்றுக் கட்டியை அறுவை செய்துகொண்டார். அதனைக் கண்டுபிடித்து எழுதிய பத்திரிகையாளரைப் பொய்யர் என்றனர். கிளீவ்லாந்து மாண்டு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், 1917இல், அறுவையில் பங்குகொண்ட மருத்துவரே உண்மையை எழுதினார். இருபத்துநான்கு ஆண்டுகள் ஒருவர் மெய் சொன்னதற்காகப் பொய்யர்!

மறைக்காதிருந்தால் நாடு குலையுமா? அதற்கும் வரலாறு விடை வைத்திருக்கிறது. 1955 செப்டம்பரில் ஐசனோவருக்கு மாரடைப்பு. முதல் நாள் அறிக்கையில் வயிற்றுக் கோளாறு என்றார்கள். ஆனால் விரைவிலேயே உண்மையை வெளியிட்டார்கள். இதய மருத்துவர் பால் டட்லி ஒயிட், செய்தியாளர் முன் அமர்ந்து, நோய் என்ன, இதயத்தில் நேர்ந்தது என்ன என்று ஆசிரியர் பாடம் நடத்துவதுபோல் விளக்கினார். பங்குச் சந்தை ஒருநாள் சரிந்தது மெய்தான். ஆனால் நாடு குலையவில்லை. அடுத்த ஆண்டே அதே மக்கள் அதே மனிதரைப் பெருவாரியான வாக்குகளால் மீண்டும் தலைவராக்கினர். மெய்யைத் தாங்கும் வலிவு மக்களுக்கு உண்டு. மக்களைத் தாங்கும் நம்பிக்கைதான் சில மாளிகைகளுக்கு இருப்பதில்லை.

1963இல் கென்னடி கொல்லப்பட்ட பிறகு, 1967 பிப்ரவரி 10இல் இருபத்தைந்தாவது திருத்தம் அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஏறிற்று. தலைவரே எழுதிக் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைக்கலாம். அவர் எழுத இயலாத நிலையில், துணைத் தலைவரும் அமைச்சருள் பெரும்பாலோரும் கூடி எழுதிக் கொடுக்கலாம் என்றது அது. லான்சிங் நீட்டிய கேள்விக்கு விடை கிடைக்க நாற்பத்தேழு ஆண்டுகள்! அந்தத் திருத்தமும், தலைவரின் உடல்நிலையை மக்களுக்கு உரைத்தே தீரவேண்டும் என்று கட்டளையிடவில்லை.

முடியரசில் மன்னன் உடல் தெய்வ உடல். அதற்கு நோய் வந்தது என்று சொல்வதே குற்றம். குடியரசில் தலைவர் உடல் மனித உடல். அதற்கு நோய் வருவது இழிவன்று, இயற்கை. நோயுற்றவர் அறைக்குள் எட்டிப்பார்த்து வம்பு வளர்ப்பது பண்பாகாது. அவர் புண்ணும் வலியும் அவருக்கும் அவர் இல்லத்தாருக்கும் உரியவை. மருத்துவர் குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியையும் மக்கள் கேட்கவில்லை. அவர்கள் கேட்பவை இரண்டே கேள்விகள்: கொடுத்த பொறுப்பைத் தாங்கும் நிலையில் அவர் இருக்கிறாரா? இல்லையென்றால், அவர் பெயரால் கையெழுத்திடும் கை எவருடையது?

இந்த இரண்டுக்கும் நேரிய விடை கூறிவிட்டால், பந்துக்குப் போட்ட கம்பி பந்துக்குப் போட்ட கம்பியாகவே இருக்கும்.