தொடர்கதையும் மாறுவேட இளவரசனும்

ஜனரஞ்சக நாவலாசிரியர் மீது நாம் வழமையாகக் கூறும் குறைகள் சில உண்டு. ஒரு வரியிற் சொல்லக்கூடியதை ஒரு பக்கத்துக்கு இழுப்பர். கதவு தட்டப்படும் வேளையில் அத்தியாயத்தை முடிப்பர். கதை சிக்கலுறும்போதெல்லாம் தற்செயலான சந்திப்பொன்றைப் புகுத்துவர். இறுதியில் ஏழைப் பெண் பிரபுவின் மகளாகிவிடுவாள். இவற்றைத் தனிமனிதரின் ரசனைக் குறைபாடெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், இப்பழக்கங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1836இல் பாரிஸ் நகரில் எமில் த ஜிரார்தன் ‘லா பிரெஸ்’ என்னும் நாளிதழைத் தொடங்கினார். ஏனைய பத்திரிகைகள் ஆண்டுச் சந்தாவாக 80 பிராங்க் பெற்றபோது அவர் 40 பிராங்கே கேட்டார். குறைந்த தொகையை விளம்பரம் ஈடுசெய்யவேண்டும். விளம்பரம் வருவதற்கு வாசகர் பெருகவேண்டும். பெருகிய வாசகர் விலகாதிருக்கவேண்டும். பக்கத்தின் அடிப்பகுதியில் நாள்தோறும் வளர்ந்த தொடர்கதை இத்தேவையை நிறைவேற்றியது. அத்தியாய இறுதியில் வைக்கப்பட்ட மர்மம் சந்தாவுக்குக் காவலாயிற்று. டூமா போன்றோர் வரிக்கணக்கிற் கூலி பெற்றனர்; ஆகவே உரையாடல்கள் நீண்டன. இங்கிலாந்திலோ இரவல் நூல்நிலையங்கள் மூன்று தொகுதி நாவல்களையே விரும்பின. ஒரு கதையை ஒரே வேளையில் மூவருக்குக் கொடுக்கலாமல்லவா?

எனினும், கூலிக்கு எழுதியவை யாவும் வெறும் சரக்கென முடிவுகட்டுதல் தவறாகும். இயூஜேன் சூ எழுதிய ‘பாரிஸ் மர்மங்கள்’ 1842 ஜூன் முதல் 1843 ஒக்டோபர் வரை தொடராக வெளிவந்தது. சேரியையும் சிறையையும் பட்டினியையும் அது வசதிபடைத்தோரின் பத்திரிகையினுள்ளே கொண்டுசென்றது. தொழிலாளர் உட்படப் பலர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினர், தமது நிலையை விளக்கினர், சீர்திருத்தங்கள் கோரினர். சூவும் வாசகரால் மாறினார். 1850இல் சோஷலிச வேட்பாளராக நின்று பாரிஸ் மக்களின் பிரதிநிதியானார். அதே ஆண்டிலே தொடர்கதை வெளியிடும் பத்திரிகைகள் மீது அரசு தனிவரி விதித்தது. கதைக்கும் ஆள்வோர் அஞ்சினர்.

ஆனால், அந்நாவலிலே துயர் துடைப்பவன் யார்? மாறுவேடமிட்ட இளவரசன் ருடோல்ப். சேரியில் அவன் மீட்கும் பெண் அவனது சொந்த மகளே. 1845இல் வெளிவந்த ‘புனிதக் குடும்பம்’ என்னும் நூலில் மாக்ஸ் இதனைக் கடுமையாகச் சாடினார். இழிநிலையிலும் உயிர்த்துடிப்புடன் நின்ற பெண்ணை அவ்விளவரசனின் கருணை குற்றவுணர்வுக்கு ஆளாக்கிக் கன்னிமாடத்துள் அடைத்து அழித்ததை அவர் எடுத்துக்காட்டினார்.

சூவைப் பின்பற்றி 1844இல் ‘லண்டன் மர்மங்கள்’ எழுதத் தொடங்கிய றெனால்ட்ஸ், ஆங்கிலத் தொழிலாளரின் சாசன இயக்கத்தைச் சேர்ந்தவர். அவரது நாவல்களை ஆரணி குப்புசாமி முதலியார் தமிழுக்குக் கொணர்ந்தார்; மறைமலையடிகளின் ‘குமுதவல்லி’யும் (1911) அவரது கதையொன்றின் தழுவலே. மர்மமும் மாறுவேடமும் கடல் கடந்து இங்கு வேரூன்றின. றெனால்ட்ஸின் அரசியற் கோபம் அவ்வாறு வேரூன்றவில்லை.

“மக்கள் கேட்பதையே கொடுக்கிறோம்” என்பது பத்திரிகை முதலாளிகளின் பழைய வாதம். சூவுக்கு வந்த கடிதங்கள் அதற்கு மறுப்பாக உள்ளன. மக்கள் நீதியையும் கேட்டனர்; அவர்களுக்குக் கிடைத்ததோ இளவரசன். நீட்டலையும் திடீர்த் திருப்பத்தையும் நாம் பொறுத்துக்கொள்ளலாம். அநீதிக்குத் தற்செயலைத் தீர்வாகக் காட்டும் பழக்கத்தைப் பொறுத்தலாகாது. ஒரு கதையை மாணவர் கையிற் கொடுக்கும்போது, அதில் துயரைத் தீர்ப்பவர் யாரென்று அவர்களிடம் கேட்போமாக.