வயது ஏறிய மறி

ஆட்டுக்குட்டியின் பழைய பெயர் மறி. தொல்காப்பிய மரபியல் சொல்லும் ஒன்பது இளமைப் பெயர்களில் அதுவும் ஒன்று. குதிரை, மான் ஆகியவற்றின் இளசும் அங்கே மறிதான். சங்கப் பாடல்களில் வேலன் வெறியாடும் களத்தில் பலியாவதும் மறியே. கன்னடத்தில் இன்றும் பல விலங்குகளின் குட்டியை மரி என்கிறார்கள்.

தமிழிலோ அந்தச் சொல்லுக்கு வயது ஏறிவிட்டது. குட்டியைக் குறித்தது பெண்ணாட்டையும் குறித்தது. செம்மறி என்றான பிறகு கிழட்டுக் கிடாய்வரை மொத்த இனத்துக்கும் அதுவே பெயர். அது விட்ட இடத்துக்குக் குட்டி வந்தது. மரபியலில் கீரி, காட்டுப்பூனை, எலி, அணில் இவற்றுக்குரிய சொல் அது!

ஆணாட்டுக்கு அதே நூல் தந்த மோத்தை, தகர், உதள், அப்பர் நான்கும் பேச்சில் அரிதாகி, கிடாய் நிலைத்தது. தகர் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம். பாய்வதற்குமுன் பின்வாங்கும் சண்டைக் கிடாயை வள்ளுவர் காலமறிதலில் காட்டியது அந்தச் சொல்லால்தான்.

சந்தையில் வயதைச் சொல்வது பல். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டு. வாங்குகிறவர் ஆட்டின் தலையை இடுக்கிக்கொண்டு உதட்டை விலக்குவார். எட்டும் சிறுசாக இருந்தால் பால்பல், இன்னும் குட்டிதான். நடுவில் இரண்டு விழுந்து அகலப் பல் முளைத்திருந்தால் ‘ரெண்டு பல்’: ஒன்று, ஒன்றரை வயது. பிறகு நாலு பல், ஆறு பல். எட்டும் சேர ஏறக்குறைய நாலு வயதாகும். அதற்குமேல் தேய்மானத்தையும் இடைவெளியையும் பார்த்துத்தான் மதிப்பு.

வயதே ஆகாத ஆடுகளும் உண்டு, கல்வெட்டில். சோழர் காலத்தில் கோயிலுக்கு அணையாமல் எரியும் நந்தாவிளக்கு வைப்பவர்கள் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளை விட்டார்கள். விளக்குக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய். அந்த ஆடுகளுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. மூத்ததும் செத்ததும் போக, ஈன்ற குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும், நெய் நிற்கக்கூடாது. கடன் பத்திரத்தில் எழுதவேண்டிய நிபந்தனையை இரண்டே சொல்லில் அடக்கியவர் யாரோ, மந்தையை நன்றாக அறிந்தவர். தஞ்சைப் பெரியகோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று கணக்கிட்டு, அவற்றை ஏற்ற இடையர்களின் பெயரையும் ஊரையும் எழுதிவைத்திருக்கின்றன.