கணிதரும் மருத்துவப் பொறியியலாரும்: மின்மறிப்புப் படவியலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறையும் வகைகளும்

கணிதத் துறையும் மருத்துவப் பொறியியல் துறையும் ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் அமைந்திருப்பதாலேயே அவற்றிடையே கூட்டாய்வு நடைபெறுகிறது எனக் கொள்வதற்கில்லை. கூட்டாய்வு எது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஒரு துறை கண்ட முடிவு மற்றத் துறையின் எடுகோளை மாற்றுகிறது. மாறிய எடுகோளிலிருந்து பிறந்த புதிய முடிவு திரும்பி வந்து முதல் துறையின் எடுகோளை மாற்றுகிறது. இந்த இருவழித் திருத்தத்தையே இக்கட்டுரையில் கூட்டாய்வு என்கிறோம்.

இவ்வரையறையை ஏற்றால், வழக்கில் கூட்டாய்வு எனப் பெயர் பெறுவனவற்றுள் இரண்டு விலகிவிடும். முதலாவது எடுத்தாளுகை, அதாவது முன்னரே நிறுவப்பட்ட தேற்றம் ஒன்றை நூலிலிருந்து எடுத்துக் கருவியில் பயன்படுத்துவது. இரண்டாவது ஏவற்கணிப்பு, அதாவது பொறியியலார் தரவைக் கொடுக்க, கணிதர் கணக்கிட்டுத் தர, அத்தோடு உறவு முடிவது. இரண்டும் பயனுள்ளவையே. ஆனால் இரண்டிலும் திருத்தம் ஒருவழிப்பட்டது.

எடுத்தாளுகைக்கு ஒரு முன்தேவை உண்டு. தேற்றம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு பொருளை ஊடுருவும் கோடுகள் தோறும் கிடைக்கும் தொகையீடுகளிலிருந்து அப்பொருளின் உள்ளமைப்பை மீட்கும் வழியை யோகான் ராடோன் 1917-இல் வெளியிட்டார். 1956-இல் கேப்டவுனில் குரூட் சூர் மருத்துவமனையில் பகுதிநேரமாகப் பணியாற்றிய இயற்பியலர் ஆலன் கார்மாக், ஊடுகதிர்ச் சிகிச்சைக்காக அதே வினாவை எதிர்கொண்டு, தாமே விடைகண்டு, 1963, 1964 ஆண்டுகளில் வெளியிட்டார். ராடோனின் கட்டுரையைப் பற்றி அவர் அறிந்தது பல ஆண்டுகள் கழித்தே. 1979-இல் நோபல் பரிசு பெற்ற பணி இது. கார்மாக்கின் ஆற்றலுக்கு இது சான்று; அத்தோடு, கணித நூலகத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையே எவ்வளவு தொலைவு இருந்தது என்பதற்கும் சான்று.

2. எடுத்துக்காட்டாகக் கொள்ளும் துறை

கூட்டாய்வு முழுமையாக நிகழ்ந்த ஓர் இடமாக, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் டிராய் நகரிலுள்ள ரென்சலீர் பல்தொழில்நுட்ப நிறுவனத்தை நாம் தேர்ந்துகொள்கிறோம். அங்கே கணிதர் டேவிட் ஐசக்சன், மருத்துவப் பொறியியலர் ஜோனதன் நியூவல், மின்பொறியியலர் டேவிட் கிஸ்ஸர், பின்னர் சேர்ந்த கணிதர் மார்கரெட் செனி ஆகியோர் வளர்த்தது மின்மறிப்புப் படவியல்.

மின்மறிப்பு என்பது மாறுமின்னோட்டத்துக்கு ஒரு பொருள் காட்டும் மொத்தத் தடுப்பு. குருதி மின்னோட்டத்தை நன்கு கடத்தும். காற்று நிறைந்த நுரையீரல் அவ்வளவாகக் கடத்தாது. மார்பைச் சுற்றி மின்முனைகளை ஒட்டி, உடலுக்குத் தீங்கு செய்யாத சிறு மின்னோட்டங்களைச் செலுத்தி, தோலின்மேல் தோன்றும் மின்னழுத்தங்களை அளந்து, உள்ளேயுள்ள கடத்துதிறனின் பரவலைப் படமாக்குவது இம்முறை. ஊடுகதிர் வேண்டியதில்லை. நோயாளியைப் படுக்கையிலிருந்து நகர்த்தாமல் நுரையீரலுக்குள் காற்று சென்றுவருவதைத் தொடர்ந்து கவனிக்கலாம்.

விளிம்பில் அளந்ததைக் கொண்டு உள்ளிருப்பதைக் காணும் இத்தகைய கணக்கை நேர்மாற்றுச் சிக்கல் என்போம். இதனைக் கணித வினாவாக 1980-இல் முறைப்படுத்தியவர் ஆல்பர்ட்டோ கால்டெரோன். இவ்வினா அவர் உள்ளத்தில் எழுந்தது 1940-களில், அர்ஜென்டினாவின் எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த காலத்தில் என்பது குறிக்கத்தக்கது.

3. முதற் கட்டம்: தேற்றம் கருவியை மாற்றுதல்

எம்மின்னோட்டத்தைச் செலுத்துவது? 1980-களின் தொடக்கத்தில் ஷெஃபீல்டில் பார்பரும் பிரவுனும் அமைத்த முன்னோடிக் கருவி 16 மின்முனைகளைக் கொண்டது. அடுத்தடுத்த இரு முனைகளுக்கிடையே மின்னோட்டத்தைச் செலுத்தி, அவ்விணையைச் சுற்றிலும் நகர்த்திச் செல்வது அதன் முறை. ஒரே மின்னோட்ட மூலம் போதும், கருவி எளிது. ஆனால் மின்னோட்டத்தின் பெரும்பகுதி தோலருகே ஓடிவிடும்; நடுவுக்குச் செல்வது சிறிதே.

ஐசக்சன் 1986-இல் வேறொரு வினாவை எழுப்பினார். கருவியின் அளவை நுண்மை இவ்வளவுதான் எனில், எவ்விரு கடத்துதிறன் பரவல்களை அதனால் வேறுபடுத்த முடியும்? இதனைப் பிரித்தறிதிறன் என்போம். வட்டத் தட்டு ஒன்றின் நடுவில், அதன் ஆரத்தில் பாதி ஆரமுள்ள மின்கடத்தாப் பொருள் இருப்பதாகக் கொள்வோம். விளிம்பைச் சுற்றி n முறை அலையும் கோசைன் வடிவ மின்னோட்டத்தை n-ஆம் பாங்கு என்க. அப்பொருளால் விளிம்பு மின்னழுத்தத்தில் ஏற்படும் ஒப்பீட்டு மாற்றம், n பெருகும்போது, நான்கில் ஒன்றின் n-ஆம் அடுக்கின் இருமடங்கை நெருங்கும். ஐந்தாம் பாங்கில் அது ஏறத்தாழ 500-இல் 1 பங்கு. ஆறாம் பாங்கில் 2000-இல் 1 பங்கு. ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் கருவிக்கு ஐந்தாம் பாங்கு தெரியும். ஆறாவது இரைச்சலில் மூழ்கிவிடும்.

இந்தச் சிறு கணக்கிலிருந்து பொறியியலாருக்கு இரண்டு கட்டளைகள் கிடைக்கின்றன. அளவை நுண்மையைக் கூட்டாமல் மின்முனைகளை மட்டும் பெருக்குவதால் பயனில்லை. மேலும், நன்கு தெரியக்கூடிய, மென்மையாக மாறும் இப்பாங்குகளைச் செலுத்த வேண்டுமாயின் மின்முனை ஒவ்வொன்றுக்கும் தனி மின்னோட்ட மூலம் தேவை. 32 மின்முனைகளுக்கு 32 மூலங்கள் கொண்ட கருவியை ரென்சலீர் குழு அமைத்தது இதன் விளைவே. ஒரு தேற்றத்தை நம்பி இத்தனை மின்சுற்றுகளைக் கட்ட முன்வந்த பொறியியலாரின் துணிவை நாம் உயர்வாக மதிக்கிறோம்.

4. இரண்டாம் கட்டம்: அளவை தேற்றத்தின் எடுகோளை மாற்றுதல்

திருத்தம் இங்கே திசை மாறுகிறது. கால்டெரோன் வழிவந்த கோட்பாடு, விளிம்பெங்கும் தொடர்ச்சியாக மின்னோட்டத்தைச் செலுத்தலாம் எனக் கொள்கிறது. மெய்யான கருவியில் உள்ளவை இடைவெளிவிட்டு ஒட்டிய உலோகத் துண்டுகள். ஆகவே மின்முனைக்குரிய எல்லை நிபந்தனைகள் படிப்படியாகத் திருத்தம் பெற்றன. தொடர் மாதிரியில் முனைகளே இல்லை. இடைவெளி மாதிரி முனைகளுக்கிடையே மின்னோட்டம் நுழையாது என்பதைச் சேர்க்கிறது. குறுக்கிணைப்பு மாதிரி, உலோகம் தன் பரப்பு முழுதும் ஒரே மின்னழுத்தத்தில் நிற்பதையும் சேர்க்கிறது. முழுமை மாதிரி, உலோகத்துக்கும் அது தொடும் ஊடகத்துக்கும் இடையே உருவாகும் மெல்லிய தடுப்படுக்கின் தொடுகை மறிப்பையும் உட்கொள்கிறது.

இவற்றுள் எது மெய் என்பதை நிறுவலால் தீர்மானிக்க இயலாது. 1989-இல் வெளியான ஆய்வில், ரென்சலீர் குழுவினர் நால்வேறு மின்தடைத்திறன் கொண்ட உப்புநீரைத் தொட்டியில் நிரப்பி அளந்தார்கள். முழுமை மாதிரியின் கணிப்பு அளவைகளோடு நன்கு பொருந்தியது. அவர்கள் தமக்கு வகுத்துக்கொண்ட அளவுகோல் நம் கருத்தில் இக்கூட்டாய்வின் உயிர்நாடி: மின்னழுத்தத்தை எவ்வளவு நுண்மையாக அளக்கிறோமோ அவ்வளவு நுண்மையாகவே கணிக்கவும் வேண்டும். கணிதருக்கும் பொறியியலாருக்கும் பொதுவான பிழைவரம்பு ஒன்று அன்று அமைந்தது. இனித் தொட்டியும் தாளும் வேறுபட்டால், இரு தரப்பாரும் காரணம் தேடியாக வேண்டும்.

அதன்பின் 1992-இல் சோமர்சலோ, செனி, ஐசக்சன் மூவரும் முழுமை மாதிரிக்குத் தீர்வு உண்டு என்றும் அது ஒன்றே என்றும் நிறுவினர். தொட்டியிலிருந்து வந்த எல்லை நிபந்தனை, கணிதத்தின் ஆய்வுப்பொருளாயிற்று. நம் வரையறை நிறைவு பெறுவது இங்கேதான்.

இதே பாதையில் இன்னொரு பயணமும் நடந்தது. இருபரிமாணத்தில் கடத்துதிறனை மீட்கும் வழியோடு கூடிய நிறுவலை அட்ரியன் நாக்மன் 1996-இல் தந்தார். சில்தானென், மியூலர், ஐசக்சன் 2000-இல் அதனைக் கணினிக்கு ஏற்றதாக்கினர். 2004-இல் நியூவலும் இணைய, இதயமும் நுரையீரலும் போல வார்த்த அகர் கட்டிகளை உப்புநீரில் வைத்து அம்முறையைச் சோதித்தனர்.

5. காரணங்கள்

இக்கூட்டாய்வு நிறைவேறியதற்கு முதற் காரணமான பொதுப் பிழைவரம்பைக் கூறிவிட்டோம். இரண்டாவது காரணம் இடைக்களம். மனித மார்பு சோதனைக்கு அரிது. விடையும் முன்னரே தெரியாது. தாளிலோ எதுவும் எதிர்த்துப் பேசாது. இரண்டுக்கும் நடுவே, உள்ளிருப்பது இன்னதெனத் தெரிந்த தொட்டி நின்றது. மூன்றாவது காரணம் கால நீட்சி. 1986 முதல் 2004 வரை ஏறத்தாழ அதே ஆட்களின் பெயர்கள் தொடர்ந்து வருகின்றன.

6. பல்கலைக்கழகம் செய்யத்தக்கன

தொழில்துறையினர் தம் சிக்கல்களைக் கொண்டுவர, கணிதர் ஒரு வாரம் கூடியிருந்து அவற்றை ஆராயும் வழக்கத்தை ஆலன் டெய்லரும் லெஸ்லி ஃபாக்ஸும் 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கினர். மருத்துவத்துக்கான இத்தகைய கூடல்கள் பிரிட்டனில் 2000-இல் தொடங்கின. வினாவைக் கண்டெடுக்க இவை மிகச் சிறந்தவை. திருத்தம் திரும்பி வருவதற்கோ ஒரு வாரம் போதாது. அதற்கு இரு துறை நெறியாளர்களின் கீழ் பயிலும் ஆய்வு மாணவர் வேண்டும். கணித மாணவரேயானாலும் அவர் தம் கையால் மின்முனை ஒட்டி அளந்திருக்க வேண்டும்.

மதிப்பீட்டு வழக்கங்களின் வேறுபாட்டையும் தொடக்கத்திலேயே பேசித் தீர்க்க வேண்டும். கணிதத்தில் ஆசிரியர் பெயர்கள் பெரும்பாலும் அகரவரிசையில் அமையும். பொறியியலில் பங்களிப்பின் அளவு வரிசையை முடிவு செய்யும். இது தெரியாத தேர்வுக் குழு இளம் ஆய்வாளரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட்டுவிடும். தொட்டியின் அளவை கணிப்போடு பொருந்தாது போன பணிக்கும் ஆய்வேட்டில் முழு மதிப்பு உண்டு என்பதை இரு துறைகளும் சேர்க்கையின்போதே எழுத்தில் ஏற்க வேண்டும். அந்த உறுதி இல்லாத மாணவர், பொருந்தும் என முன்கூட்டியே தெரிந்த வினாக்களையே தேர்ந்துகொள்வார்.