கேம் உருவாக்க ஆசையா... 'பிகினர்' சாஃப்ட்வேரா, 'புரோ' சாஃப்ட்வேரா? எதில் தொடங்கலாம்?

ஃப்ரீ ஃபயரோ பி.ஜி.எம்.ஐ-யோ ஆடிக்கொண்டிருக்கும்போது, 'நாமளே ஒரு கேம் பண்ணினா எப்படி இருக்கும்?' என்று ஒருமுறையாவது உங்களுக்குத் தோன்றியிருக்கும். உடனே யூடியூபில் தேடியிருப்பீர்கள். ஒரு வீடியோ 'கோடிங்கே வேணாம், அரை மணி நேரத்துல கேம் ரெடி' என்கிறது. அடுத்த வீடியோ 'அன்ரியல் தெரியலைனா இந்தப் பக்கமே வராதே' என்று மிரட்டுகிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பெரும்பாலானோர் தங்களுக்குப் பிடித்த கேமைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஃப்ரீ ஃபயர் யூனிட்டியில் உருவானது, பப்ஜி மொபைல் அன்ரியல் இன்ஜினில் உருவானது. சரி, அப்போ அதையே டவுன்லோடு பண்ணிடுவோம்! ஒரு வாரத்தில் லேப்டாப் ஃபேன் மிக்ஸி மாதிரி சத்தம் போடும். ஒரு மாதத்தில் அந்த ஐகான் டெஸ்க்டாப்பின் மூலையில் தூங்கும். போனது டேட்டா மட்டும் என்றால் பரவாயில்லை. வீட்டில் கெஞ்சி இ.எம்.ஐ-யில் கேமிங் லேப்டாப் வாங்கியவர்களும், பெரிய தொகை கட்டி கோர்ஸில் சேர்ந்தவர்களும், 'இது நமக்கு வராது' என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வராதது கேம் டிசைனா, அந்த சாஃப்ட்வேரா என்று அவர்கள் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

லைட் - புரோ காலம் போயாச்சு

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு பர்ஸ்தான் பதில் சொன்னது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஓவர்மார்ஸ் 1999-ல் வெளியிட்ட மென்பொருள்தான் இன்றைய கேம்மேக்கர். அதில் லைட், புரோ என்று இரண்டு வகைகள் இருந்தன. லைட் இலவசம், ஆனால் சில வசதிகள் பூட்டியிருக்கும். காசு கொடுத்தால் புரோ. எனவே 'பிகினர்' என்றால் 'காசு கொடுக்காதவர்' என்றே அர்த்தமாகிப்போனது.

இப்போது நிலைமை தலைகீழ். 2023 நவம்பரிலிருந்து கேம்மேக்கர், விற்பனை நோக்கம் இல்லாதவர்களுக்கு இலவசம். விற்க வேண்டும் என்றால் ஒருமுறை மட்டும் சுமார் 100 டாலர் கட்ட வேண்டும். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களுக்கு மட்டும் தனிச் சந்தா. யூனிட்டியின் பெர்சனல் வெர்ஷனை, 12 மாத வருமானமும் முதலீடும் 2 லட்சம் டாலரைத் தாண்டாதவரை இலவசமாகப் பயன்படுத்தலாம். அன்ரியலில் ஒரு கேம் மொத்தமாக 10 லட்சம் டாலர் சம்பாதித்த பிறகுதான் 5 சதவிகித ராயல்டி பற்றிய பேச்சே வரும். கோடோ முழுக்க முழுக்க ஓப்பன் சோர்ஸ். அதில் செய்து கோடி கோடியாகச் சம்பாதித்தாலும் யாருக்கும் பங்கு தர வேண்டாம். ஆக, காசு கட்டி 'அட்வான்ஸ்டு' வாங்க வேண்டிய அவசியமே முதல் வருடத்தில் இல்லை. கிராக் வெர்ஷன் தேடி வைரஸை வரவேற்க வேண்டியதும் இல்லை.

இன்று இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், எவ்வளவு வேலையை சாஃப்ட்வேர் உங்களுக்காகச் செய்கிறது, எவ்வளவு வேலையை உங்கள் தலையில் கட்டுகிறது என்பதுதான்.

பிளாக் கோடிங் குழந்தைகளுக்கு மட்டுமா?

எம்.ஐ.டி மீடியா லேபிலிருந்து 2007-ல் வெளிவந்த ஸ்கிராட்ச் தெரிந்திருக்கும். கலர் கலர் பிளாக்குகளை லெகோ மாதிரி அடுக்கினால் பூனை நடக்கும். இது 8 முதல் 16 வயதினரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. காலேஜ் படிப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கத் தேவையில்லை. லூப், கண்டிஷன், வேரியபிள், 'இது நடந்தால் அதைச் செய்' என்ற சிந்தனை முறை எல்லாமே அதற்குள் இருக்கின்றன. புரோகிராமிங் பக்கமே வராத ஒருவருக்கு ஒரு வார ஸ்கிராட்ச், ஒரு மாத சி ஷார்ப் வீடியோவைவிட அதிகம் புரிய வைக்கும் என்பது என் கட்சி.

ஆனால், அதன் கூரை ரொம்பத் தாழ்வு. மேடையின் அளவு 480-க்கு 360. ஒரே நேரத்தில் 300 குளோன்களுக்கு மேல் உருவாக்க முடியாது. செய்த கேமை நேரடியாக ஆண்ட்ராய்டு ஆப்பாக மாற்றும் வசதி ஸ்கிராட்சில் இல்லை. பிளே ஸ்டோரில் போடுவதுதான் உங்கள் கனவு என்றால், இங்கே ரொம்ப நாள் தங்கக் கூடாது.

அடுத்த படி ஜிடெவலப், கன்ஸ்ட்ரக்ட் 3 போன்றவை. கோடு எழுத வேண்டாம்; 'பிளேயர் நாணயத்தைத் தொட்டால், நாணயத்தை அழி, ஸ்கோரில் 1 கூட்டு' என்று வாக்கியம் போலவே அமைக்கலாம். இரண்டும் பிரவுசரிலேயே ஓடும். கன்ஸ்ட்ரக்ட் சந்தா முறையில் இயங்குகிறது, அதன் இலவச வெர்ஷனில் கட்டுப்பாடுகள் அதிகம். ஜிடெவலப் ஓப்பன் சோர்ஸ், ஆண்ட்ராய்டு ஆப்பும் உண்டு. லேப்டாப் இல்லாமல் போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். கோடோவுக்கும் ஆண்ட்ராய்டு எடிட்டர் இருக்கிறது. ஆனால் டச் கீபோர்டில் கோடு அடிப்பது பொறுமையின் எல்லை. ப்ளூடூத் கீபோர்டு இருந்தால் முயன்று பார்க்கலாம்.

ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்

இங்கேதான் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. பிகினர், அட்வான்ஸ்டு இரண்டும் ஒரே சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கலாம். கேம்மேக்கரில் ஜி.எம்.எல் விஷுவல், ஜி.எம்.எல் கோடு என இரண்டு வழிகள் உள்ளன. விஷுவலில் பிளாக்குகளை இழுத்துப்போட்டுத் தொடங்கி, ஒரு கட்டத்தில் அதையே கோடாக மாற்றிக்கொள்ளலாம். நீங்கள் அடுக்கிய பிளாக் கோடில் எப்படி இருக்கும் என்று கண்ணெதிரே பார்ப்பது, எந்த டியூஷனிலும் கிடைக்காத பாடம். மாற்றிய பிறகு திரும்ப பிளாக்குக்குப் போக முடியாது, அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

அன்ரியலிலும் அப்படித்தான். ஒரு பக்கம் சி ப்ளஸ் ப்ளஸ், இன்னொரு பக்கம் பாக்ஸ்களை வயர் போட்டு இணைக்கும் ப்ளூபிரின்ட். யூனிட்டியில் சி ஷார்ப் கூடவே விஷுவல் ஸ்கிரிப்டிங்கும் உண்டு. 'பிளாக்ல பண்ணினா அது கேமே இல்ல' என்று யாராவது சொன்னால் 'ஹாலோ நைட்'டைக் காட்டுங்கள். 2017-ல் வந்த அந்த கேமில், யூனிட்டிக்கான பிளேமேக்கர் என்ற விஷுவல் கருவிதான் பெருமளவு பயன்பட்டது.

கோடோவின் கதை வேறு. அதிலும் விஷுவல் ஸ்கிரிப்ட் இருந்தது. ரொம்பக் குறைவானவர்களே பயன்படுத்துகிறார்கள் என்று, 2023-ல் வந்த 4.0 வெர்ஷனில் அதைத் தூக்கிவிட்டார்கள். காரணம், அதன் சொந்த மொழியான ஜிடிஸ்கிரிப்டே அவ்வளவு சுலபம். பைத்தான் சாயலில் இருக்கும். தமிழ்நாடு ஸ்டேட் போர்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து, பிளஸ் டூவில் பைத்தான் படித்தவர்களுக்கு முதல் நாளே பழகிய முகம் மாதிரி தெரியும். அந்த நோட்டுப் புத்தகத்தை எடைக்குப் போட்டிருக்கமாட்டீர்கள் என்று நம்புவோம்.

உங்க லேப்டாப் என்ன சொல்லுது?

ஆசை ஒன்று சொல்லும், ரேம் வேறொன்று சொல்லும். அன்ரியல் 5-க்கு எபிக் நிறுவனம் பரிந்துரைப்பது 32 ஜி.பி ரேம், கூடவே நல்ல கிராபிக்ஸ் கார்டு. இன்ஸ்டால் செய்யவே பல பத்து ஜி.பி இடம் வேண்டும். 8 ஜி.பி ரேம் லேப்டாப்பில் அன்ரியலைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், சமோசாவும் சாப்பிட்டுவிட்டு வரலாம். அதே லேப்டாப்பில் யூனிட்டியில் சிறிய 2டி கேம் செய்ய முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். கோடோவின் டவுன்லோடு சுமார் 100 எம்.பி அளவுதான், இன்ஸ்டால்கூடச் செய்ய வேண்டாம். பழைய மெஷின்களுக்கென்றே 'கம்பாட்டிபிலிட்டி' என்று ஒரு ரெண்டரர் வைத்திருக்கிறார்கள். கேம் டெவலப்மென்ட் கற்கவென்றே புது லேப்டாப் வாங்கித் தரச்சொல்லி அப்பாவிடம் சண்டை போடும் முன், இருப்பதில் ஒரு கேமை முடித்துக் காட்டுங்கள். பேச்சுவார்த்தையில் உங்கள் கை ஓங்கும்.

அந்த செப்டம்பர் மாதம்

இலவசம் என்றாலும் லைசென்ஸைப் படிக்க வேண்டும் என்பதற்கு ஒரு நிஜக் கதை. 2023 செப்டம்பர் 12-ல் யூனிட்டி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய கேம்கள், ஒவ்வொரு புது இன்ஸ்டாலுக்கும் கட்டணம் தர வேண்டும் என்றது. பல வருடம் யூனிட்டியில் உழைத்தவர்கள் கொதித்துப்போனார்கள். அடுத்த மாதமே சி.இ.ஓ ஜான் ரிச்சிட்டியெல்லோ பதவியை விட்டுப் போனார். 'டெராரியா' கேமை உருவாக்கிய நிறுவனம், கோடோவுக்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது. 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணத்தையே யூனிட்டி ரத்து செய்தது. அதனால் யூனிட்டி வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஆனால் ஒரு நிறுவனத்தின் சாஃப்ட்வேரை நம்பி இரண்டு வருட உழைப்பைப் போடும்போது, விதிகள் நடுவழியில் மாறலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

எப்போ மாறணும்?

ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது. ஒரு பந்து, சில நாணயங்கள், ஸ்கோர், ஓர் எதிரி, கேம் ஓவர், மறுபடி ஆடும் பட்டன். இவ்வளவுதான் கேம். உங்கள் மனதில் இருக்கும் இரண்டு சாஃப்ட்வேரிலும், ஆளுக்கு ஒரு வார இறுதி ஒதுக்கி, இதையே செய்து பாருங்கள். எங்கெல்லாம் மாட்டினீர்கள் என்று பேப்பரில் எழுதுங்கள். 'எதிரி எவ்வளவு வேகமா வரணும்?' என்பது கேம் பற்றிய கேள்வி. 'அந்த மெனு எங்கய்யா இருக்கு?' என்பது சாஃப்ட்வேர் பற்றிய கேள்வி. பேப்பரில் இரண்டாவது வகை நிரம்பி வழிந்தால், ஒரு படி கீழே இறங்குங்கள். மாறாக, பிகினர் சாஃப்ட்வேரில் கேம் செய்வதைவிட அதன் தடைகளைச் சுற்றிக் குறுக்குவழி தேடுவதிலேயே நேரம் போனால், மேலே ஏற வேண்டிய நேரம் அது.

மாறும்போது ஒன்று வலிக்கும். ஸ்கிராட்சிலோ ஜிடெவலப்பிலோ செய்ததை அப்படியே யூனிட்டிக்குக் கொண்டுபோக முடியாது. லாஜிக்கைப் புதிதாகத்தான் எழுத வேண்டும். படங்கள், சவுண்ட், லெவல் ஐடியாக்கள் மட்டும் கூட வரும். அதனால் உங்கள் கனவு கேமை பிகினர் சாஃப்ட்வேரில் பாதி முடித்துவிட்டு, நடுவில் மாறாதீர்கள். சின்ன கேம் ஒன்றை அங்கேயே முடித்துவிட்டு, அடுத்ததைப் புது இடத்தில் தொடங்குங்கள்.

டுடோரியல் விஷயத்திலும் ஒரு கண் வையுங்கள். வெர்ஷன் நம்பர் பொருந்தவில்லை என்றால் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ள நேரிடும். கோடோ 3-ல் 'கினிமேட்டிக்பாடி2டி' என்று இருந்தது, 4-ல் 'கேரக்டர்பாடி2டி' ஆகிவிட்டது. அதை நகர்த்தும் கோடும் மாறிவிட்டது. பழைய வீடியோவைப் பார்த்து வரிக்கு வரி டைப் பண்ணினாலும் எரர்தான் வரும், தப்பு உங்கள் மேல் இருக்காது.

வேலைதான் குறி என்றால்...

ஸ்டூடியோக்களில் வேலை தேடுபவர்களுக்கு மட்டும் சுதந்திரம் கொஞ்சம் குறைவு. மொபைல் கேம் கம்பெனி என்றால் யூனிட்டியும் சி ஷார்ப்பும், பெரிய 3டி கேம்கள் என்றால் அன்ரியலும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸும் கேட்பார்கள். புனேயின் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் 2020-ல் வெளியிட்ட 'ராஜி'கூட அன்ரியலில் உருவானதுதான். எனவே பிகினர் சாஃப்ட்வேரில் இரண்டு மாதம், பிறகு இவற்றில் ஒன்று என்று திட்டமிடுங்கள். எல்லாவற்றையும் ரெஸ்யூமில் அடுக்குவதைவிட, லிங்க்கைத் தொட்டால் ஓடும் இரண்டு குட்டி கேம்கள் மேல்.

வேலை பற்றிக் கவலை இல்லை, சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும் என்பவர்கள் 'அண்டர்டேல்' பக்கம் பாருங்கள். 2015-ல் டோபி ஃபாக்ஸ் கிட்டத்தட்டத் தனி ஆளாக, கேம்மேக்கரில் செய்தது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையில் நடக்கும் 'வெண்பா' 2023-ல் வந்தது. ஒரே மூச்சில் ஆடி முடித்துவிடக்கூடிய சின்ன கேம். 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குக் கிடைத்தது. இட்லி எப்படி வேகும் என்பதை வைத்தே ஒரு லெவல் செய்திருக்கிறார்கள்.

கேம் ரெடியானதும் எங்கே போடுவது? இட்ச் டாட் ஐஓ தளத்தில் இலவசமாக அன்றைக்கே போட்டுவிடலாம். பிளே ஸ்டோர் என்றால் ஒருமுறை கட்டணம் 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர்கள், வெளியிடும் முன் குறைந்தது 12 பேரை வைத்து, தொடர்ந்து 14 நாள்கள் டெஸ்ட் செய்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த 12 பேரை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.