பைக்குள் போன தேயிலை



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் தேத்தண்ணி. வரிக்கணக்கும் வட்டிவீதமும் பேசிவந்த மனிசன் கடைசியில் தேத்தண்ணிக்கு இறங்கிவிட்டான் என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு வாசியுங்கள்.

ஊரில் தேயிலை என்றால் தகரப் பேணிக்குள் இருப்பது. கரண்டியால் அள்ளிப் போட்டு, கொதிதண்ணி ஊற்றி, வடித்துக் குடிப்பது. அதற்கு வேறு அடைமொழி எதுவும் தேவைப்படவில்லை. 1980களின் நடுப்பகுதியில் டென்மார்க்கின் அகதி முகாம்களுக்கு வந்தபோதுதான் நூல் கட்டிய அந்தச் சின்னப் பையை எம்மில் பலர் முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தோம். ஒரு பையை இரண்டு கோப்பைக்குப் போட்டுப் பிழிந்தவர்களும் உண்டு. சாயம் போதவில்லையென்று நாலு பையைக் கிழித்துச் சட்டியில் கொட்டிப் பாலோடு காய்ச்சியவர்களும் உண்டு. இங்கு பிறந்த பிள்ளைகளுக்கோ தேயிலை என்றாலே 'தேபோசெ'தான். இப்போது அதே பிள்ளைகள் வளர்ந்து, நகரத்துக் கடையில் நிறுத்து வாங்கிய இலைத் தேயிலையை வீட்டுக்குக் கொண்டுவந்து, "அப்பா, இது டிம்புல, இது ஊவா" என்று எமக்குப் பாடம் எடுக்கிறார்கள். நல்ல பாடம்தான். ஆனால் அதன் முதற்பாகம் எம்மிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

முதலில் சொல்லைப் பார்ப்போம். டேனிஷ்காரர் 'தே' என்கிறார்கள். நாமும் 'தே'யோடு இலையைச் சேர்த்துத் தேயிலை என்கிறோம். இரண்டும் சீனாவின் பூக்கியன் கரையோரப் பேச்சுமொழியிலிருந்து கப்பலேறிய ஒரே சொல். இந்தியில் வழங்கும் 'சாய்' சீனத்தின் இன்னொரு உச்சரிப்பிலிருந்து வந்தது. மொழிப் பரீட்சைக்கு நாங்கள் முறிந்து முறிந்து படித்த டேனிஷில் ஒரு சொல்லாவது முன்னமே எம்மிடம் இருந்திருக்கிறது.

டேனிஷ்காரர் கோப்பிப் பிரியர்கள். ஆனால் தேயிலை வியாபாரத்தில் அவர்கள் பழைய கைகள். 1620இல் ஓவே கெத்தே என்ற தளபதியின் தலைமையில் வந்த டேனிஷ் கப்பல்கள் திருகோணமலைக்குப் போய், அங்கு கால் ஊன்ற முடியாமல், அதே ஆண்டு தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டின. 1732இல் தொடங்கப்பட்ட ஆசியக் கம்பனி தரங்கம்பாடிக்கும் சீனாவின் கன்ரன் துறைமுகத்துக்கும் கப்பல் விட்டது. கன்ரனிலிருந்து வந்த சரக்கில் முக்கியமானது தேயிலை. அவ்வளவையும் டேனிஷ்காரர் குடித்துத் தீர்க்கவில்லை. பெரும்பகுதி மறுஏற்றுமதியாகி, கடைசியில் கள்ளக்கடத்தலில் பிரித்தானியாவுக்குள் போனது. அங்கே தேயிலை வரி 119 வீதம் வரை ஏறியிருந்த காலம் அது. 1784இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அந்த வரியை 12.5 வீதமாகக் குறைத்தது. கள்ளத் தேயிலையின் இலாபமும் அதோடு கரைந்தது. வரியைக் கூட்டினால் வருமானம் கூடும் என்று நம்புகிறவர்களுக்கு நான் அடிக்கடி எடுத்துக்காட்டும் உதாரணம் இது. அந்தக் கம்பனியின் கட்டடங்கள் கிறிஸ்தியான்ஸ்ஹவ்னில் இன்றும் நிற்கின்றன. வெளிநாட்டமைச்சு இருக்கும் இடத்தின் பெயரே 'ஆசியாத்திஸ்க் பிளட்ஸ்'.

தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது 1845இல். அதற்குப் பத்து ஆண்டுகள் முன்னர், 1835இல், கொப்பன்ஹேகனின் குரோன்பிரின்சென்ஸ்கேத வீதியில் தொடங்கிய ஏ. சி. பேர்க் தேயிலைக் கடை இன்றும் அதே வீதியில் நடக்கிறது. ஹ்விடோவ்ரேயிலிருந்து எஸ்-ரயிலில் போய் நொர்ரபோர்த்தில் இறங்கினால் சிறிது தூர நடை. ஒருமுறை உள்ளே போய் மூக்கால் மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள், வாங்காவிட்டாலும் பரவாயில்லை.

பையின் கதை இதைவிட மிக இளையது. அமெரிக்காவின் மில்வாக்கி நகரப் பெண்கள் இருவர் துணியாலான தேயிலைப் பையொன்றுக்கு 1901இல் விண்ணப்பித்து 1903இல் காப்புரிமை பெற்றார்கள். நியூயோர்க் வியாபாரி தோமஸ் சலிவன் 1908 அளவில் மாதிரித் தேயிலையைச் சிறு பட்டுப் பைகளில் அனுப்ப, வாங்கியவர்கள் பையோடு வெந்நீரில் போட்டார்கள் என்ற கதைதான் பரவலாகச் சொல்லப்படுகிறது. பிரித்தானியாவில் டெட்லி கம்பனி பையை அறிமுகப்படுத்தியது 1953இல். பைக்குள் முழு இலை விரிய இடமில்லை. வேகமாகச் சாயம் இறங்கவும் வேண்டும். அதனால் சலிக்கும்போது கடைசியில் விழும் நுண்துகளும் தூளும்தான் பெரும்பாலும் அதற்குள் போகின்றன. தேயிலையைக் கிழித்துச் சுருட்டிக் குறுணியாக்கும் சி.ரி.சி. இயந்திரம் 1930களில் அசாமில் வந்த பின்னர் இந்த வேலை இன்னும் சுலபமாயிற்று. இலங்கையில் பெரும்பகுதி இன்னமும் பழைய முறைதான்: கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றில் நிறம் மாறவிட்டு, உலர்த்தி, சலிப்பது. ஓ.பி. என்பது நீண்ட இலை, பி.ஓ.பி. உடைந்த இலை, அதற்குக் கீழே பி.ஓ.பி.எவ்., பிறகு டஸ்ட். இந்த எழுத்துகள் சொல்வது இலையின் அளவைத்தான், ருசியை அல்ல. ஓ.பி.யில் வரும் 'ஒறேஞ்ச்' என்ற சொல்லுக்கும் தோடம்பழத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இனி எங்கள் தீவு. ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்குத் தெற்கே லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். ஆரம்பத்தில் அவரது பங்களா விறாந்தையே தொழிற்சாலை. மேசையில் வைத்துக் கையால் உருட்டினார்கள். 1869இல் கோப்பிச் செடியைத் துருநோய் பிடித்து, சில ஆண்டுகளில் கோப்பித் துரைமார் பலர் முறிந்துபோனார்கள். 1873இல் இலண்டனுக்குப் போன இலங்கைத் தேயிலை வெறும் 23 இறாத்தல். 1890இல் தோமஸ் லிப்டன் வந்து தோட்டங்களை வாங்கி, தேயிலையைச் சிறு பொதிகளாகக் கட்டித் தன் பெயரில் உலகமெங்கும் விற்றார். தோட்டத்தின் பெயர் போய்க் கம்பனியின் பெயர் வந்தது அக்காலத்தில்தான். பை அந்த வேலையை முடித்துவைத்தது.

நட்டவர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பறித்தவர்களின் பெயர் இருந்தது கடன் புத்தகத்தில். தமிழகத்திலிருந்து கங்காணி அழைத்துவந்த தொழிலாளி, வழிச்செலவுக்கும் அரிசிக்கும் வாங்கிய முற்பணத்தோடு, தோட்டத்துக்கு வரும்போதே கடன்காரன். வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால், அந்தக் கடனைக் கட்டினால் இவரை விடுவிப்போம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். கணக்காளனாகச் சொல்கிறேன், மனிதரைப் பற்றுப் பக்கத்தில் எழுதிக் கைமாற்றிய முறை அது. 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. லூல்கந்துர இருக்கும் ஹேவாஹெட்டப் பகுதியிலேயே, 1940 ஜனவரியில், முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் சூட்டில் இறந்தார். 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவர் ஆக்கியது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று ஐந்தொகை போட்டது. அவர்களை யாரும் கேட்கவில்லை.

செல்வநாயகம் 1949இல் தமிழ்க் காங்கிரசைவிட்டுப் பிரிந்து தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு அந்தக் குடியுரிமைப் பிரச்சினை முக்கிய காரணம். இதைப் பெருமையோடு சொல்கிறோம். ஆனால் எங்கள் வீடுகளில் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் அதற்குப் பிறகும் புழங்கியது. எனது பெரியப்பா ஒருவர் ஹற்றன் பக்கத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். லீவில் யாழ்ப்பாணம் வரும்போது நல்ல பி.ஓ.பி. தேயிலை கொண்டுவருவார். வாசத்தைப் பற்றி வீடே பேசும். அதைப் பறித்தவர்களைப் பற்றி ஒருவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

இவ்விடயத்தை வானொலியில் பேசிய அன்று ஒரு அம்மா தொலைபேசி எடுத்தார். மலையகத்தில் பிறந்து, 1977 கலவரத்தில் வவுனியாவுக்கு ஓடி, பின்பு டென்மார்க் வந்தவர். "அண்ணை, நீங்கள் சொல்லுற ஓ.பி.யை நாங்கள் கண்ணால் கண்டதோட சரி. எங்கட லயத்தில குடிச்சது டஸ்ட்தான்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "இப்ப கடையில வாங்கிறன், கொஞ்சம் கொஞ்சமா" என்றார்.

வாங்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு குறிப்பு. பொதியில் தோட்டத்தின் பெயரோ பிரதேசத்தின் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். நுவரெலியாத் தேயிலை மெல்லியது, பாலில்லாமல் நல்லது. எங்களைப்போலப் பாலும் சீனியும் போடுகிறவர்களுக்கு ருகுணுப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலை பொருந்தும், சாயம் கனக்கும். கோப்பைக்கு 2.5 கிராம், நன்கு கொதித்த தண்ணி, மூன்று நான்கு நிமிடம். இங்கத்தைய தண்ணீர் சுண்ணாம்பு கூடியது. கேத்தலின் அடியில் படியும் 'கல்க்' அதுதான். அண்மைக் காலத்தில் கொப்பன்ஹேகன் பகுதியில் அதைக் குறைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆனாலும் வடிகட்டிய தண்ணியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், மேலே படரும் ஆடை குறையும். விலையைக் கண்டு பயப்பட வேண்டாம்: 100 கிராம் என்பது 40 கோப்பை. அதைக் கோப்பையால் பிரித்துப் பார்த்தால், கடைத்தெருவில் குடிக்கும் ஒரு கோப்பிக் காசுக்கு எத்தனை நாள் வீட்டில் குடிக்கலாம் என்று தெரியும்.

பிரித்துப் பார்க்கத் தொடங்கினால் என்னால் அங்கே நிறுத்த முடியாது. பல தோட்டங்களில் ஒரு நாட்கூலிக்குக் கேட்கும் கொழுந்து 18 கிலோ. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை. ஆக 4 கிலோ தேயிலை, அதாவது 1600 கோப்பை. நாட்கூலி 2021இல் 1000 ரூபாயாகி, 2024இல் அடிப்படைக் கூலி 1350 ரூபாயானது. 1350ஐ 1600ஆல் பிரித்தால் ஒரு கோப்பைக்கு 84 சதம். 2024இல் ஒரு குரோனருக்கு நாற்பது ரூபாய்க்கு மேல் இருந்தது. அந்தக் கணக்கில் கோப்பைக்கு ஏறக்குறைய 2 ஓரே. டென்மார்க்கில் இப்போது புழக்கத்தில் உள்ள ஆகச் சிறிய நாணயம் 50 ஓரே. அந்த ஒரு நாணயத்துக்குள் 25 கோப்பைக்குப் பறித்த கூலி அடங்குகிறது. இதில் சேமலாப நிதியோ தொழிற்சாலையில் வேலை செய்வோரின் சம்பளமோ சேரவில்லை. கொழுந்து பறிப்பவரின் அடிப்படைக் கூலி மட்டும்.