உழவைக் குறைத்து மூடாக்கு இடுதல்: மலையடிவார மக்காச்சோளத்திலும் மண்ணிலும் ஏற்படும் மாற்றங்கள்

நெல், கோதுமைக்கு அடுத்தபடியாக இந்தியாவின் முக்கிய தானியப் பயிராக மக்காச்சோளம் விளங்குகிறது. காரீப் பருவத்தில் இதன் பெரும்பகுதி மானாவாரியாகவே பயிரிடப்படுகிறது. உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேசம், ஜம்மு ஆகிய பகுதிகளின் இமயமலை அடிவாரச் சரிவு நிலங்களில் மக்காச்சோளத்தைத் தொடர்ந்து கோதுமை விதைக்கப்படுகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் விதைக்கப்படும் மக்காச்சோளம் தரையை மூடி வளர்வதற்கு முன்பே அங்கு பருவமழை தீவிரமடைந்துவிடுகிறது.

பலமுறை உழப்பட்ட வெற்று நிலத்தில் விழும் மழைத்துளிகள் மண் கட்டிகளை உடைக்கின்றன. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைப்பதால், நீர் உட்புகாமல் மேல்மண்ணுடன் வழிந்தோடுகிறது. அடிக்கடி உழுவதால் காற்றோட்டம் அதிகரித்து, மண்ணின் அங்ககப் பொருளும் விரைவாகச் சிதைகிறது.

உழவைக் குறைத்து, பயிர்க் கழிவு அல்லது பசுந்தழையால் தரையை மூடும்போது இந்த இழப்பு குறைகிறது. மண்ணின் வெப்பமும் ஈரம் ஆவியாதலும் தணிகின்றன. மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் பெருகுகின்றன. ஆண் பூவும் பட்டு இழைகளும் வெளிவரும் தருணத்தில் வறட்சி நேர்ந்தால் மணிகள் பிடிப்பது பெரிதும் குறையும் என்பதால், சேமிக்கப்பட்ட ஈரம் அப்போது விளைச்சலைக் காக்க உதவும். எஞ்சிய ஈரம் அடுத்து வரும் கோதுமை முளைக்கப் பயன்படும். வரிசைகளுக்கு இடையே சணப்பை விதைத்து, சுமார் 30 நாட்களில் அறுத்து அங்கேயே பரப்பும் முறையும் உள்ளது.

எனினும், இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. கோதுமை வைக்கோலில் தழைச்சத்தைவிட கார்பன் சுமார் 80 மடங்கு அதிகம். அது மண்ணுடன் கலந்து மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை ஈர்த்துக்கொள்வதால் இளம்பயிர் வெளிறக்கூடும். சணப்பை போன்ற பயறுவகைத் தழைகளில் இச்சிக்கல் குறைவு. உழவு குறைந்தால் தொடக்க ஆண்டுகளில் களை மிகும். வடிகால் வசதியற்ற நிலத்தில் மூடாக்கு நீர்த்தேக்கத்தை நீடிக்கச் செய்யும்.

தரைப்பரப்பில் குறைந்தது 30 சதவீதம் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு வேளாண்மையின் பொதுவான அளவுகோல். ஆனால் மலைப்பகுதிச் சிறு விவசாயிகளுக்கு மக்காச்சோளத் தட்டையும் கோதுமை வைக்கோலுமே கால்நடைத் தீவனம். எனவே, தீவனமாகப் பயன்படாத தழைகளை வரப்புகளிலும் வரிசை இடைவெளிகளிலும் வளர்த்து மூடாக்காக இடுவதே அவர்களுக்கு ஏற்ற வழியாக அமைகிறது.