ஏழாம் சட்டமும் எட்டாம் சட்டமும்: கும்மிடிப்பூண்டியில் பள்ளியும் நிலமும்

1920-இல் சென்னை மாகாணத்தில் அடுத்தடுத்து இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஏழாம் எண் பெற்றது நகரமைப்புச் சட்டம். எட்டாம் எண் பெற்றது தொடக்கக் கல்விச் சட்டம். எந்த நிலம் எதற்கு என்று ஒன்று பேசியது. அந்த நிலத்தில் வாழ்கிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்று மற்றது பேசியது. எண்வரிசையில் ஒட்டிப் பிறந்த இவ்விரண்டும் பிறகு ஒரே மேசையில் உட்கார்ந்த தருணங்கள் மிகக் குறைவு. அந்தப் பிரிவின் விளைவை ஆராய, கும்மிடிப்பூண்டியைவிடப் பொருத்தமான ஊர் வட தமிழகத்தில் கிடைப்பது அரிது. 61 ஊராட்சிகள் கொண்ட இந்த ஒன்றியத்தில் ஏரிப் பாசன வயல், மேய்க்கால், அரசின் சிப்காட் தொழிற்பேட்டை, செங்கல் சூளை, மனைப்பிரிவு எல்லாம் பக்கத்துப் பக்கத்துச் சர்வே எண்களில் கிடக்கின்றன.

பள்ளியை நடத்துவது யார் என்ற கேள்விக்கு இந்தப் பகுதி கண்ட பதில்கள் பல. ரிப்பன் பிரபுவின் 1882 தீர்மானத்தைத் தொடர்ந்து வந்த 1884-ஆம் ஆண்டு தலத்தாபனச் சட்டம், ஜில்லா போர்டையும் தாலுகா போர்டையும் அமைத்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள கும்மிடிப்பூண்டி, அன்று செங்கல்பட்டு ஜில்லாவின் பொன்னேரி தாலுகாவுக்குள் இருந்தது. சாலை போடுவதும், ஆஸ்பத்திரி நடத்துவதும், பள்ளிக்கூடம் நடத்துவதும் போர்டின் வேலைதான். ‘போர்டு ஸ்கூல்’ என்று பெரியவர்கள் இன்றும் சொல்வது அந்தக் காலத்தின் மிச்சம். போர்டில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் மிராசுதார்களும் வக்கீல்களும் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் சாலை எங்கே, பள்ளி எங்கே என்ற இரண்டு கேள்விகளும் ஒரே அறையில் கேட்கப்பட்டன.

அந்த அறைக்குள் வராதவர்கள் பாதி ஊர். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் 1891-இல் அரசுக்கு அளித்த அறிக்கை, இந்த ஜில்லாவின் பறையர் குடியிருப்புகளில் குடிசை போட்ட மனைகூடச் சொந்தமில்லாத நிலையை விவரித்தது. பஞ்சமி நிலம் என்று பின்னாளில் பெயர்பெற்ற ஒதுக்கீட்டுக்கு அதுவே முதல் தூண்டுதல். நிலம் இல்லாத இடத்தில் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் எங்கிருந்து இடம் வரும்? இந்த ஜில்லாவில் பள்ளிக் கேள்வி தொடக்கத்திலிருந்தே நிலக் கேள்வியாகவும் இருந்திருக்கிறது.

நகரமைப்புச் சிந்தனை வந்த கதை சுவையானது. ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸை ஆளுநர் பென்ட்லண்ட் சென்னைக்கு அழைத்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது, 1914 அக்டோபரில் ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன் அந்தக் கப்பலை மூழ்கடித்தது. ஒரு மாதத்துக்கு முன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு வீசிய அதே எம்டன். கெடிஸ் அசரவில்லை. புதிதாகப் பொருள்கள் திரட்டி 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடத்திவிட்டார். ஊரைப் பழுதுபார்க்கும் முன் அதில் வாழ்கிறவர்களைப் படி என்பதுதான் அவருடைய அடிப்படை. ஐந்தாண்டு கழித்து வந்த ஏழாம் சட்டமோ தெரு அகலம், மனை அளவு, நில மாற்றம் என்று எந்திரப் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டு நகராட்சிகளின் கையில் கொடுத்தது.

எட்டாம் சட்டம் வேறு திசையில் போனது. ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு கல்விக் கவுன்சில் அமைக்கவும், தலத்தாபனங்கள் கல்வி வரி விதிக்கவும், அரசின் ஒப்புதலோடு குறிப்பிட்ட வட்டாரத்தில் கட்டாயக் கல்வியை அறிவிக்கவும் வழி செய்தது. ஆக, பள்ளிக்கென்று ஒரு குழுவும் தனி வரியும் இருந்தன. நிலத்தைப் பற்றிப் பேசும் உரிமை அந்தக் குழுவுக்கு இல்லை. 1934-இல் தாலுகா போர்டுகள் கலைக்கப்பட்டபோது, பொன்னேரி வட்டாரத்துக் கிராமங்களுக்கு அருகில் இருந்த அவையும் போய்விட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு சிறிய வசந்தம் வந்தது. காமராஜர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். முதல் மாநாடு 1958-இல் இதே திருவள்ளூர் வட்டாரத்துக் கடம்பத்தூரில் நடந்தது. ஊர்க்காரர்கள் மேடையேறி, தங்கள் பள்ளிக்கு எது தேவை என்று பட்டியலிட்டார்கள். பெஞ்சு, கரும்பலகை, சுற்றுச்சுவர், கட்டடத்துக்கு இடம் என்று தாங்களே கொடுத்தார்கள். இதை ஆய்வாளர்கள் வழக்கமாக நன்கொடை இயக்கம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அது அதற்கும் மேல். பள்ளியை மையமாக வைத்து ஓர் ஊர் தன் தேவையையும் தன் நிலத்தையும் சேர்த்து எண்ணிய அரிய தருணம் அது.

அதே 1958-இல் ஊராட்சிச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டுகள் மறைந்து ஊராட்சி ஒன்றியங்கள் எழுந்தன. தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் பொறுப்பாயின. ‘யூனியன் ஸ்கூல்’ என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது. 1960 ஏப்ரலில் ஆந்திர எல்லையும் திருத்தப்பட்டது. திருத்தணி இங்கே வந்தது, சத்தியவேடு அங்கே போனது. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் எல்லை ஒன்றியமாகக் கும்மிடிப்பூண்டி நிலைத்தது.

ஒன்றியச் சேர்மன்களின் தயவில் மாற்றலும் பணியும் இருந்ததால் ஆசிரியர்கள் பட்ட பாடு தனிக் கதை. 1981 ஜூன் 1 முதல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர்களுக்கு அது விடுதலை; அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பெயர்ப்பலகையில் மட்டும் ஒன்றியம் மிஞ்ச, பள்ளியின் நிர்வாகம் முழுக்கத் துறையிடம் போனது. அந்தக் காலத்தில் உள்ளாட்சித் தேர்தலும் ஒழுங்காக நடக்கவில்லை. 1970-க்குப் பிறகு 1986, அதற்குப் பிறகு 1996.

நிலத்தின் பக்கம் இதே காலத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1971-இல் சிப்காட் உருவானது. ஏழாம் சட்டத்துக்குப் பதிலாக வந்த நகர் ஊரமைப்புச் சட்டமும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம்தான். தொழில், குடியிருப்பு, நிறுவனம், விவசாயம் என்று வண்ணம் பூசிய வரைபடங்கள் வந்தன. நில எடுப்பு வருவாய்த் துறையிடம், வரைபடம் ஊரமைப்புத் துறையிடம், தொழிற்பேட்டை சிப்காட்டிடம், பள்ளி கல்வித் துறையிடம். கும்மிடிப்பூண்டியில் நெடுஞ்சாலையை ஒட்டி ஆலைகள் வளர்ந்தபோது இந்த நான்கு கோப்புகளும் நான்கு கட்டடங்களில் இருந்தன.

பள்ளியும் நகரமைப்பும் மறுபடி சந்தித்தது ஒரு சாம்பல் மேட்டில். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே மாதத்தில், தனியார் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிலம் நிர்ணயிக்கப்பட்டது: மாநகராட்சியில் 6 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், ஊராட்சியில் 3 ஏக்கர். ‘டிடிசிபி அப்ரூவல் இருக்கா?’ என்ற, நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் பற்றிய கேள்வி பள்ளித் தாளாளர்களின் தூக்கத்தைக் கெடுக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இங்கேயும் திசை ஒன்றுதான்: பள்ளி நகரமைப்புக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், நகரமைப்பு பள்ளிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வாய்கண்டிகை இதன் உச்சம். பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் இந்த ஊரை ஒட்டி, மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பயன்பட்ட 1,100 ஏக்கருக்கும் மேற்பட்ட மேய்க்கால் நிலம் சிப்காட்டுக்குப் போனது. அங்கிருந்து ஓடும் நீர்தான் ஏரிகளை நிரப்புகிறது என்று கிராமத்தார் போராடினார்கள், வழக்கும் போட்டார்கள். 2009 நவம்பரில் மிஷலின் டயர் நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. ஊர்ச் சங்கம் 2012-இல் பிரெஞ்சு அமைப்புகளோடு சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்களின் நடத்தை பற்றிய புகார்களைக் கேட்கும், பாரிஸில் உள்ள தேசியத் தொடர்பு மையத்திடம் புகார் அளிக்கும் அளவுக்கு விவகாரம் கடல் கடந்தது. பக்கத்திலேயே கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் கட்டப்பட்டு 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் ஓர் ஊரின் சுற்றுப்புறம் முழுவதும் மாறிவிட்டது. வேலை வந்தது, வெளியூர்த் தொழிலாளர்கள் வந்தார்கள், வாடகை வீடுகள் வந்தன. நிலம் மாறும்போது பள்ளி என்ன ஆகும் என்று கேட்கும் கடமை எந்தச் சட்டத்தின் கீழும் எந்த அதிகாரிக்கும் இருக்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1. அதாவது மிஷலின் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஐந்து மாதம் கழித்து. அதன் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைத்தது. முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் 20 உறுப்பினர்களோடும், 2024-இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 உறுப்பினர்களோடும் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. குழுக் கூட்டம் என்றால் காட்சி தெரிந்ததுதான்: வகுப்பறையில் பிள்ளைகளின் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த அம்மாக்கள், ஹெச்.எம். வாசிக்கும் தீர்மானங்கள் – கழிப்பறைக்குத் தண்ணீர், சுற்றுச்சுவர், துப்புரவுப் பணியாளர்.

இந்தக் கட்டுரை வலியுறுத்த விரும்பும் இடம் 22-ஆம் பிரிவு. குழு, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்க வேண்டும். மத்திய மாதிரி விதிகளின்படி அது மூன்றாண்டுத் திட்டம். ஒவ்வோர் ஆண்டும் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள் என்ற மதிப்பீடு அதில் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தில் ஒரு பெற்றோர் குழு இதை எப்படிக் கணக்கிடும்? எதிரே உள்ள புஞ்சை மனைப்பிரிவாகுமா, கிடங்காகுமா, தொழிலாளர் விடுதியாகுமா என்பதைப் பொறுத்தல்லவா ஒன்றாம் வகுப்பின் எண்ணிக்கை இருக்கிறது! செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக ஒடியா பாடநூலோடு வகுப்பு நடத்திய மாவட்டம் திருவள்ளூர். இங்கே சேர்க்கை எண்ணிக்கை பிறப்புப் பதிவேட்டிலிருந்து வருவதில்லை. நிலப் பயன்பாட்டிலிருந்து வருகிறது. நிலப் பயன்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கப்படாத குழுவிடம், அதன் விளைவை மட்டும் கணக்கிடச் சொல்கிறது சட்டம்.

வெளியே எப்படி? இங்கிலாந்தில் 1870-இல் தேர்தல் மூலம் அமைந்த பள்ளி போர்டுகள் 1902-இல் ஒழிக்கப்பட்டு, கல்வி உள்ளாட்சிகளிடமே போனது. புதிய குடியிருப்பு கட்டுகிறவரிடம் பள்ளிக்கான பங்குத்தொகை பெற 1990-ஆம் ஆண்டின் ஊரமைப்புச் சட்டம் இடம் தருகிறது. கலிபோர்னியாவில் பள்ளி மாவட்டங்கள் 1986 முதல் கட்டுமான நிறுவனங்களிடம் கட்டணம் வசூலிக்கின்றன. அதற்கு ஈடாக, பள்ளி போதவில்லை என்பதைக் காரணம் காட்டி நில மாற்றத்தை மறுக்கும் அதிகாரம் 1998-இல் கட்டுப்படுத்தப்பட்டது. அங்கும் பேரம்தான், முழு வெற்றி இல்லை. ஆனால் பேரம் பேச ஒரு நாற்காலியாவது இருக்கிறது. இங்கே பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி உண்டு. அது பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும்தான், வகுப்பறைக்கு அல்ல.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தது. கும்மிடிப்பூண்டியும் அதற்குள் வந்தது. இந்த ஒன்றியத்து வயலின் வண்ணம் இனி முடிவாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) இயங்கும் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகையில். பள்ளியில் எந்த மொழி என்ற போராட்டத்தில் சிறை சென்று 1939-இல் உயிர்விட்ட இருவரின் பெயர் தாங்கிய கட்டடம் அது. பள்ளிக் குழு ஒன்றின் கடிதம் அங்கே போய்ச் சேர்வது பொருத்தமாகவே இருக்கும்.

இன்னொரு ஓட்டையும் விழுந்திருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்ட ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிக்கு என்று சட்டம் வைத்த இடம், மக்கள் தேர்ந்தெடுத்தவர் இல்லாத இடமானது. அப்படியான காலத்தில் ஊரின் பெயரால் பேச மிஞ்சுவது பெற்றோர்தான்.

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வரைவுத் திட்டத்தின் மீதும், நிலப் பயன்பாட்டு மாற்றத்தின் மீதும் பொதுமக்களின் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் கேட்கும் முறை இப்போதே இருக்கிறது. நாளிதழில் வரும் அந்த விளம்பரத்தில் கிராமத்தின் பெயர், சர்வே எண், பரப்பு, எந்தப் பயன்பாட்டிலிருந்து எதற்கு என்பது எல்லாம் இருக்கும். வட்டாரக் கல்வி அலுவலகம் அதை அந்தந்தப் பள்ளிக்கு அனுப்பிவைக்கலாம். பள்ளி மேலாண்மைக் குழு அடுத்த கூட்டத்தில் அதைப் பொருளாக எடுத்து, எத்தனை பிள்ளைகள் கூடுவார்கள், லாரி போகும் சாலையை அவர்கள் எங்கே கடப்பார்கள், கூடுதல் வகுப்பறைக்கு எந்தப் புறம்போக்கை ஒதுக்கலாம் என்று மூன்று வரித் தீர்மானம் போட்டு, கெடுவுக்குள் சி.எம்.டி.ஏ.வுக்கும் ஒன்றிய ஆணையருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். கும்மிடிப்பூண்டியின் யூனியன் பள்ளிகளிலிருந்து அது தொடங்கட்டும்.